முட்டைப்பெட்டி மாதிரி

பல்சர்க்கரைடுச் சங்கிலிகளுக்கிடையே உலோக அயனிகள் எப்படிப் பிடிபட்டு நிற்கின்றன என்பதற்கான விளக்கப்படம். பழுப்புக் கடற்பாசிகளின் செல்சுவரிலுள்ள ஆல்ஜினேட்டை வைத்து உருவானது. நம் மண்டபம் கடற்கரையில் ஒதுங்கும் கட்டக்கோரை என்ற பாசியிலும் இதே ஆல்ஜினேட் உண்டு.

ஸ்காட்லாந்துக் கரையோரத்தில் 19ஆம் நூற்றாண்டில் பாசியை எரித்து, சாம்பலிலிருந்து அயோடின் எடுத்தார்கள். மிச்சத்தில் பெரும்பகுதி புகையாகப் போனது. வேதியியலாளர் எட்வர்ட் ஸ்டான்போர்டு எரிப்பதற்குப் பதில் பாசியைச் சோடா உப்புக் கரைசலில் ஊறவைத்தார். வழவழவென்று ஆல்ஜினேட் சாறு இறங்கியது. 1881இல் காப்புரிமை பெற்றார். பாசிக்குள் கால்சியம் பிடித்திருந்த இடத்தில் சோடியம் புகுந்ததால்தான் அது கரைந்தது என்பது பின்னாளில் புரிந்த கதை.

சோடியம் ஆல்ஜினேட் கரைசலைக் கால்சியம் குளோரைடு நீரில் ஒரு சொட்டு விட்டால், விழுந்த கணமே தோல் கட்டும். வெந்த ஜவ்வரிசிபோல் விரலில் வழுக்கும், பிதுக்கினால் உள்ளே இன்னும் திரவம். மெக்னீசியம் உப்புநீரில் அப்படித் திரள்வதில்லை. இரண்டு அயனிகளின் மின்சுமையும் +2தான். ஆக, வெறும் மின் ஈர்ப்பு என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

விடை சங்கிலியின் வடிவத்தில் இருந்தது. 1955இல் பிஷர், டோர்பெல் என்ற ஆய்வாளர்கள் ஆல்ஜினேட் சங்கிலியில் மானுரோனிக் அமிலத்துடன் குலுரோனிக் அமிலமும் இருப்பதைக் காட்டினர். நார்வேயின் டிரான்ட்ஹெய்மில் ஹௌக், லார்சன், ஸ்மிட்ஸ்ரோட் ஆகியோர் 1960களில் இவை கொத்துக்கொத்தாக அமைந்திருப்பதை நிறுவினர். மானுரோனிக் கொத்து நாடாபோல் தட்டையானது. குலுரோனிக் கொத்து மடிந்து நெளிந்து குழி விடும். குலுரோனிக் மிகுந்த ஆல்ஜினேட்டின் களி கெட்டியாவதும் அதனால்தான். கால்சியத்தைவிட ஈயத்தையும் தாமிரத்தையும் ஆல்ஜினேட் இறுகப் பிடிக்கும். ஸ்ட்ரான்சியத்தையும்தான்: அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கத் தூசு அச்சுறுத்திய நாட்களில், 1964இல், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளுக்கு ஆல்ஜினேட் கொடுத்து, குடல் கதிரியக்க ஸ்ட்ரான்சியத்தை உறிஞ்சுவது குறைவதைக் கண்டனர்.

1973இல் கிராண்ட், மாரிஸ், ரீஸ், ஸ்மித், தாம் ஆகிய ஆய்வாளர்கள் ஐவரும் இந்தப் பிடிப்பைப் படமாக்கினர். நெளிந்த இரு சங்கிலிகள் எதிரெதிரே பொருந்த, நடுக்குழிகளில் கால்சியம் உட்காரும், மளிகைக்கடை அட்டையில் முட்டை உட்காருவதுபோல. பழங்களின் பெக்டினுக்கும் இதே விளக்கம் சொல்லப்பட்டது. அங்கேதான் படம் கொஞ்சம் ஆட்டம் கண்டது. 2001இல் பிராச்சினியும் பெரேஸும் செய்த கணினிக் கணக்கீடுகளின்படி, பெக்டினில் ஒரு சங்கிலி மற்றதைவிடச் சற்று நகர்ந்து அமர்கிறது. உவமை மனதில் ஒட்டிக்கொண்டதால் பல பாடநூல்கள் பழைய படத்தையே அச்சிடுகின்றன.

மருத்துவமனைகளில் கால்சியம் ஆல்ஜினேட் இழைகளால் காயத்துக்குக் கட்டுப்போடும்போது, கால்சியம் நீரில் விழுந்த சொட்டில் நடந்த அயனி மாற்றம் தலைகீழாக நடக்கிறது: கசியும் நீரிலுள்ள சோடியம் உள்ளே நுழைய, கால்சியம் வெளியேறி, உலர்ந்த இழை வழவழப்பான களியாகிறது.