சிங்கி இறால் வால்: ரப்பராகாமல் வீட்டில் வேக வைப்பது எப்படி?

மைசூரு மண்டி மொஹல்லாவில் குடியிருப்பவருக்குச் சிங்கி இறால் பெரும்பாலும் உறைந்த வாலாகத்தான் கிடைக்கும். கடல் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால். அதில் பெரிய நஷ்டமில்லை. நம்ம கடல் சிங்கிக்குப் பெரிய கொடுக்கு கிடையாது, சதையெல்லாம் வாலில்தான்.

முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றிடுங்க. அவசரத்துக்குச் சுடுதண்ணீரில் போட்டால் வெளியே வெந்து, நடுவில் பனிக்கட்டியே இருக்கும். இளகியதும் முதுகு ஓட்டைக் கத்தரிக்கோலால் நீளவாக்கில் வெட்டி, கறுப்பு நரம்பு போலத் தெரியும் குடலை எடுத்துடுங்க.

தனிப் பாத்திரம் எதுவும் வேண்டாம், இட்லிப் பானை போதும். 100 முதல் 150 கிராம் வாலுக்கு ஆவியில் 6 முதல் 8 நிமிடம். கண்ணாடி மாதிரி இருந்த சதை முழுக்க வெள்ளையானதும் இறக்கிடணும். தெர்மாமீட்டர் இருந்தால் நடுச்சதையில் 63 டிகிரி செல்சியஸ். 'இன்னும் கொஞ்சம் வேகட்டுமே' என்று விட்டால், அவ்வளவு விலை கொடுத்து வாங்கியது ரப்பர்தான். மசாலாவைத் தனியாக வதக்கி, கடைசியில் சேர்த்துப் பிரட்டுங்க.

முழு சிங்கி கிடைத்தால் எடையைப் பாருங்க. இனத்தைப் பொறுத்து 200, 300, 500 கிராமுக்குக் குறைந்த சிங்கியை ஏற்றுமதி செய்ய மத்திய அரசு 2003-லேயே தடை போட்டது. வாலடியில் முட்டை ஒட்டியிருந்தாலும் வாங்காதீங்க. இறால், நண்டு அலர்ஜி உள்ளவங்க இதையும் தொட வேண்டாம்.