பலகையைப் பற்றிய கொண்டி

மரச்செதுக்கில் உளியின் கூர்மைக்கு இணையாக மதிக்கத்தக்கது பலகையை அசையாது நிறுத்தும் உபாயமே என்பதை, கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலையால் புதையுண்ட ஹெர்குலேனியம் நகரத்துச் சுவரோவியமொன்று, தச்சுமேடைமீது பலகையை அழுத்திநிற்கும் வளைந்த இரும்புக் கொண்டியோடு பிரத்தியட்சமாகக் காட்டுகிறது. 1769-இல் பாரிஸ் தச்சர் ரூபோ தம் நூலில் வரைந்ததும் அத்தகைய கொண்டியே: மேடைத் துளையில் காலைச் செருகித் தலையில் கொட்டாப்புளியால் ஓர் அடி கொடுத்தால், கால் சாய்ந்து துளைச்சுவரில் இறுகிக்கொள்ளும், பின்புறம் தட்டினால் விடுபடும். எத்தனை எளிய, எத்தனை உத்தமமான சாதனம்!

கொண்டிக்கு இடந்தராத மெல்லிய பலகைகளை, ஐரோப்பியச் சிற்பிகள் இடையே காகிதம் வைத்து அடிப்பலகையில் பசையால் ஒட்டிச் செதுக்கினர். முடிவில் மெல்லிய அலகை நுழைக்கக் காகிதம் இரண்டாகப் பிளந்தது, பிடிமானத்துக்கென ஓரத்தில் விரயமாகக்கூடிய மரமும் மிச்சமாயிற்று. இன்று கணினியால் இயங்கும் சிறு செதுக்கு இயந்திரம் வைத்திருப்போரும், பலகையின் அடியில் ஒட்டுநாடா இட்டு, ஏறக்குறைய அம்முறையையே அனுசரிக்கிறார்கள்.