கோணும் உருக்கு

1920ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் பேர்க்கன்கெட்டிலிருந்து 'புல்லகர்' என்னும் சிறு கப்பலொன்று நீரில் இறக்கப்பட்டது. 150 அடி நீளமேயுடைய அக்கப்பல் வரலாற்றில் இடம்பெற்றதற்குக் காரணம், அதன் உடலைத் தறையாணிகளின்றி அமைத்தமையாகும். தகடுகள் யாவும் மின்வில்லின் வெப்பத்தாற் காய்ச்சியிணைக்கப்பட்டிருந்தன.

தறையாணியை நீக்கியோர்க்குப் புதியதொரு தொல்லை வந்து சேர்ந்தது. தறையறைந்த தகடு வைத்த நிலையிலே கிடக்கும். காய்ச்சியிணைத்த தகடோ ஆறும்போது தானே வளையும். இதன் காரணம் சற்று நின்று நோக்கத்தக்கது. இணைப்பருகேயுள்ள உருக்கு வெப்பத்தால் விரிய முயல்கின்றது. சுற்றியுள்ள குளிர்ந்த தகடு அதனை விரியவிடாது நெருக்குகின்றது. விரிவு முற்றாகத் தடுக்கப்பட்ட மெல்லுருக்கு ஏறத்தாழ 100 பாகை செல்சியசு சூடேறினாலே தன் மீள்தன்மை எல்லையை எட்டிவிடும். மின்வில்லின் கீழோ அது 1500 பாகையளவில் உருகுகின்றது. ஆதலின் நெருக்குண்ட பகுதி நிலையாகக் குறுகி, ஆறும்போது அயலை இழுக்கின்றது. அயல் இணங்கினால் தகடு கோணும். இணங்காவிடின் கோணல் குறையும். ஆனால் இழுவைத் தகைப்பு உள்ளே தங்கிவிடும். தகட்டை இறுகப் பிடித்துக் கோணலைத் தடுத்தல், வெளிப்பட்ட குற்றத்தை மறைவான குற்றமாக மாற்றுவதேயன்றி வேறன்று.

மறைவான குற்றம் பற்றிய அச்சம் 1943ஆம் ஆண்டில் உச்சமடைந்தது. ஐக்கிய அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்துப் போட்லண்டிலே, சனவரி 16ஆந் திகதி, 'ஸ்கெனெக்டடி' என்னும் புதிய எண்ணெய்க் கப்பல் துறையிற் கட்டப்பட்டு நின்றது. புயலில்லை, அலையில்லை. பேரொலியோடு அதன் மேற்றளமும் இருபக்கங்களும் நடுவே பிளந்தன. அடித்தகடு மட்டுமே இருபாதிகளையும் பற்றிநின்றது. தங்கிய தகைப்பே காரணமெனப் பலர் எண்ணினர். விரிவான ஆராய்ச்சிகளோ, குளிரில் நொறுங்குந்தன்மை அடையும் உருக்கையும், வெடிப்புத் தொடங்க இடமளித்த கூரிய மூலைகளையும் இணைப்புக் குறைகளையுமே முதற்காரணங்களெனக் காட்டின. தறையறைந்த கப்பலில் வெடிப்பு ஒரு தகட்டின் விளிம்போடு நின்றிருக்கக் கூடும். ஒரே உடலான கப்பலில் அதனை மறிப்பது யாதுமில்லை. தங்கிய தகைப்பின் மீது சுமத்தப்பட்ட பழி மிகையாயினும், அதனை அளந்தறியும் ஊக்கம் அப்பழியினாலே வளர்ந்தது எனலாம்.

கோணலைக் குறைக்குங் கைமுறைகள் பல பட்டறையிலே உருவாயின. வேண்டியதற்கு மேலாக உலோகத்தை இடாமை, இருபுறமும் மாறிமாறி நிரப்புதல், நீண்ட இணைப்பைச் சிறு துண்டுகளாக்கி ஒவ்வொன்றையும் வேலை செல்லுந் திசைக்கு எதிராக இடுதல், பெருந்தகட்டு வேலையை நடுவிலிருந்து ஓரம்நோக்கிக் கொண்டுசெல்லுதல் ஆகியன அவற்றுட் சில. இன்னொன்று, தகட்டை எதிர்ப்புறமாக முன்னரே சாய்த்துவைப்பது. ஆறியபின் அது தானே நேராகும். ஆனால் எவ்வளவு சாய்ப்பது? பட்டறை அனுபவம் பழகிய வேலைக்கு விடை தரும். பழகாத தடிப்பிலே கைவிட்டுவிடும்.

விடைக்கு முதற்படி வெப்பநிலையைக் கணித்தலாம். 1941இல் டானியல் றோசந்தால் அசையும் வெப்பமூலத்தைச் சுற்றிய வெப்பநிலைக்குக் கணிதத் தீர்வு வெளியிட்டார். மூலத்தைப் புள்ளியாகக் கொண்டமையால், மின்வில்லின் அடியிலே அத்தீர்வு எல்லையற்ற வெப்பநிலையைத் தந்தது, தூரத்திற் பொருந்தியது. சோவியத் நாட்டின் ஒக்கர்புளொம் சுருக்கத்தையும் வளைவையும் கையாற் கணிக்கத்தக்க சூத்திரங்களை வகுத்தார். 1971இல் யப்பானின் ஒசாக்காவிலே உவேதாவும் யமகாவாவும், உருக்கைச் சிறு மூலகங்களாகப் பகுத்து, அது சூடேறி ஆறும் வரலாற்றைக் கணினியிலே படிப்படியாகத் தொடர்ந்தனர். 1984இல் கனடாவின் கோல்டாக்கும் அவர்தம் துணைவரும் புள்ளிக்குப் பதிலாக இரு நீள்கோளப் பாதிகளில் வெப்பத்தைப் பரப்பிக் கணித்தமையால், உருகிய குட்டையின் வடிவம் மெய்க்கு அணித்தாயிற்று.

எனினும், முழுக்கப்பலொன்றின் இணைப்புகள் அனைத்தையும் இவ்வாறு தொடர்தல் கணினிக்கும் பெருஞ்சுமையே. ஆதலாற் சிறு மாதிரி இணைப்பொன்றில் எஞ்சும் நிலையான விகாரத்தை அளந்தோ கணித்தோ பெற்று, அதனை முழு அமைப்பின் கணிப்பிலே புகுத்தும் முறையும் உவேதா முதலியோரால் வளர்க்கப்பட்டது. அம்முறையில் மின்வில்லைத் தொடர வேண்டுவதில்லை. அது விட்டுச்சென்ற சுருக்கமே கணக்கிலே கொள்ளப்படும்.