பனை ஆறாத காயம்

பிரியிழையம், புடைக்கலவிழையம், வல்லுருக்கலவிழையம், காழ், உரியம். ஓ.எல். சோதினைக்காக நாங்கள் எல்லாரும் பாடமாக்கிய சொற்கள். கலைப்பீடத்துக்கு வந்தபிறகு இவற்றை மறந்தே போனோம். ஆனால் வடக்கின் போர்க்கால வரலாற்றைப் பேச வெளிக்கிட்டால் இதே சொற்கள் திரும்பவும் தேவைப்படுகின்றன. காரணம், பனை.

இழையம் என்ற சொல்லுக்குள் இழை இருக்கிறது. 1682இல் தாவர உள்ளமைப்புப் பற்றிப் பெரிய நூலொன்றை வெளியிட்ட ஆங்கிலேய மருத்துவர் நெகமையா குரூ, தாவர உடலைப் பெண்கள் பின்னும் ரேந்தையோடு ஒப்பிட்டார். காழ், உரியம் இரண்டுக்குமான கிரேக்கவழிப் பெயர்களை 1858இல் கார்ல் நேகெலி வைத்தார். 'காழ்' என்ற தமிழ்ச்சொல்லோ அதைவிட மிகப் பழையது. தொல்காப்பிய மரபியல், வைரம் வெளியே இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம் என்று பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பனை புல்தான்.

பனையை அறுத்துப் பார்த்தால் இது விளங்கும். நீரைக் கொண்டுபோகும் காழும் உணவைக் கொண்டுபோகும் உரியமும் சின்னச் சின்னக் கட்டுகளாகத் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஓரத்தில் அவை நெருக்கமாக இருக்கும். ஒவ்வொரு கட்டையும் வல்லுருக்கலவிழைய நார் இறுக்கிப் பிடித்திருக்கும். நடுவிலோ மென்மையான புடைக்கலவிழையம்தான் கூட. அந்த வெளி வைரம்தான் எங்கட வீடுகளுக்கு வளையும் சிலாகையும் ஆனது. போர்க்காலத்தில் பங்கருக்கு மேலே அடுக்கின பனங்குற்றியின் பலமும் அதுதான். பாளையைச் சீவ முட்டிக்குள் சொட்டும் கள்ளு, உரியத்தில் ஓடிய சீனிச்சாறு.

இனிக் காயத்துக்கு வருவோம். வேம்பிலும் மாவிலும் பட்டைக்குக் கீழே மாறிழையம் இருக்கிறது. அது உள்பக்கம் புதுக் காழையும் வெளிப்பக்கம் புது உரியத்தையும் உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதனால் சன்னம் பட்ட இடத்தைக்கூட மரம் மெல்ல மெல்ல மூடிவிடும். பனையில் மாறிழையம் இல்லை. துளை துளையாகவே கிடக்கும். உயர வளர்வதற்கான பிரியிழையமும் உச்சிக் குருத்துக்குள் மட்டுந்தான். ஷெல் தலையைக் கொண்டுபோனால் பக்கத்தால் தளிர்க்காது, பனை செத்துப்போகும். ஆனால் வைரம் பாய்ந்த தண்டு மட்டும் கனகாலம் நிமிர்ந்து நிற்கும். தலையில்லாப் பனைகள் அப்படி நிற்பதற்கு இதுதான் காரணம்.

2009க்குப் பிறகு எத்தனையோ சுவர்களைப் பூசி மெழுகியாயிற்று. பனையைப் பூச முடியாது, அதுவும் தானாக ஆறாது. ஆனால் உக்கி விழும், காணி துப்புரவாக்கும்போது தறிபடும். எழுத்திலுள்ள ஆவணங்களைத் தேடுகிற எங்களுக்கு இதுவும் ஓர் ஆவணம். உங்கட ஊரில் அப்படி ஒரு பனை நின்றால் ஒரு படம் எடுங்கோ. இடத்தையும் திகதியையும் குறித்து வையுங்கோ. துளை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கோ.