கையொப்பமும் காலமும்

1840-ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரிட்டன் நாட்டில் ஒரு பென்னி விலையுள்ள கறுப்பு அஞ்சல் தலை வெளிவந்தது. கடிதம் அஞ்சலகத்தை அடைந்ததும், அத்தலையின்மீது சிவப்பு மையால் சிலுவை வடிவ முத்திரை ஒன்றைக் குத்தினார்கள். விரைவிலேயே ஒரு தொல்லை தலைகாட்டியது. கறுப்பின்மேல் சிவப்பு எடுப்பாகத் தெரியவில்லை. அந்த மையைத் துடைத்து நீக்குவதும் அரிதாக இல்லை. துடைத்த தலையை வேறொரு கடிதத்தில் ஒட்டி அனுப்ப வழி பிறந்துவிட்டது. ஆகவே 1841-இல் அஞ்சல் துறையினர் நிறங்களை மாற்றினர். தலை சிவப்பாயிற்று, முத்திரை மை கறுப்பாயிற்று.

துடைத்து ஒட்டப்பட்ட அந்தத் தலை கள்ளத் தலை அன்று. அரசாங்கமே அச்சிட்டது, ஒருவர் காசு கொடுத்து வாங்கியது. அதன் மெய்ம்மையில் ஐயமே இல்லை. குற்றமெல்லாம் அது இரண்டாம் முறை வந்ததில் இருந்தது. போலிக் கையொப்பத்தைப் பற்றி உலகம் நெடுங்காலமாக அஞ்சி வந்திருக்கிறது. மெய்யான கையொப்பமே மீண்டும் வந்து நின்றால் என்ன செய்வது என்பதை அத்துணை ஆழமாக எண்ணவில்லை. நம் காலத்தில், கம்பி வழியாகவும் காற்று வழியாகவும் கோடிக்கணக்கான ஆணைகள் கணிப்பொறிகளுக்கிடையே ஓடுகின்றன. அங்கே அந்தக் கேள்வி எவ்வாறு எழுந்தது, அதற்கு எவ்வாறு விடை தேடினார்கள் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். ஆங்கிலத்தில் இதனை 'ரீப்ளே' தாக்குதல் என்பர். நாம் 'மறு அனுப்பல்' என்று சொல்லிக்கொள்வோம்.

அஞ்சல் துறைக்கு ஒரு வசதி இருந்தது. தலை என்பது கையில் பிடிக்கத்தக்க ஒரு பொருள். அதன்மேல் ஒரு வடுவை உண்டாக்கிவிட்டால் போதும். எந்தத் தலை எப்போது வந்தது என்று எவரும் நினைவில் வைத்திருக்க வேண்டுவதில்லை. சினிமாக் கொட்டகையின் வாயிலில் சீட்டைக் கிழிப்பதும் இதே உபாயந்தான். ஆனால் செய்தி மட்டும் தனியே பிரயாணம் செய்யத் தொடங்கியபோது இவ்வசதி போய்விட்டது. தந்தி வழியே வங்கிகள் பணத்தை மாற்றிய காலத்தில், ஒவ்வொரு தந்தியிலும் ஒரு சோதனை எண்ணைச் சேர்த்து அனுப்புவார்கள். தொகைக்கு ஓர் எண், தேதிக்கு ஓர் எண், வரிசைக்கு ஓர் எண் என இரகசியப் பட்டியலிலிருந்து எடுத்துக் கூட்டி வந்த எண் அது. அதில் தேதிக்கும் வரிசைக்கும் என்ன வேலை என்று கேட்கலாம். நேற்றைய தந்தியை ஒருவன் இன்று மறுபடி அடித்துவிட்டால் பணம் இரு முறை போய்விடும் அல்லவா? அதற்காகவே அவை சேர்க்கப்பட்டன.

இப்போது இணையத்திற்கு வருவோம். ஒரு கடையின் கணிப்பொறி, "இன்ன கணக்கிலிருந்து இன்ன கணக்கிற்கு ரூபாய் 5,000 மாற்றுக" என்று வங்கியின் கணிப்பொறிக்கு வேண்டுகோள் விடுப்பதாக வைத்துக்கொள்வோம். இருவருக்கும் பொதுவான ஓர் இரகசியத் திறவுகோல் உண்டு. வேண்டுகோளின் சொற்களையும் அத்திறவுகோலையும் ஒன்றாகக் கலந்து கணக்கிட்டால் ஒரு நீண்ட எண் கிடைக்கும். அதுவே கையொப்பம். வேண்டுகோளில் ஓர் எழுத்து மாறினாலும் அவ்வெண் முழுவதும் மாறிவிடும். திறவுகோல் இல்லாதவன் 5,000 என்பதை 50,000 ஆக்கிவிட்டுப் புதிய கையொப்பம் இட முடியாது. இவ்வளவும் சரியே. ஆனால் வழியில் ஒளிந்திருந்து கேட்பவன் எதையும் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. வேண்டுகோளையும் கையொப்பத்தையும் அப்படியே படியெடுத்து வைத்துக்கொண்டு, அதையே மீண்டும் பத்து முறை அனுப்பினால் போதும். ஒவ்வொரு முறையும் வங்கி சோதித்துப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் கையொப்பம் மெய்யென்றே காணும். படியெடுத்த செய்திக்கும் மூலச் செய்திக்கும் இடையே இம்மியும் வேறுபாடு இல்லை. ஒன்றில் வடு வைத்தால் மற்றொன்றில் அது ஏறாது.

பள்ளிகளில் தலைமையாசிரியராக இருந்தவர்களுக்கு இதனை விளக்கவே வேண்டுவதில்லை. தகப்பனாரின் உண்மையான கையொப்பத்தோடு, தேதியிடாத விடுப்புக் கடிதம் ஒன்று மாணவன் கையில் கிடைத்துவிட்டால், அது எத்தனை முறை மேசைக்கு வரும் என்பதை நாங்கள் நன்கு அறிவோம்.

கணிப்பொறி உலகில் இந்த நோயின் வரலாறு 1978-ஆம் ஆண்டிலிருந்து தெளிவாகத் தெரிகிறது. அவ்வாண்டில் ரோஜர் நீடாம், மைக்கேல் ஷ்ரோடர் என்னும் இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒருவரையொருவர் அறியாத இரு கணிப்பொறிகள், இருவருக்கும் வேண்டிய நடுவர் ஒருவரின் துணைகொண்டு எவ்வாறு அறிமுகமாவது என்பது அதன் பொருள். கண்ணன் வேலனோடு பேச விரும்பினால் முதலில் நடுவரிடம் செல்வான். நடுவர் அவ்வொரு பேச்சுக்கென ஒரு புதுத் திறவுகோலை ஆக்கி, அதனை வேலன் மட்டுமே திறக்கத்தக்க ஓர் உறையிலிட்டுக் கண்ணனிடம் தருவார். கண்ணன் அவ்வுறையை வேலனிடம் சேர்ப்பான். வேலன் ஓர் எண்ணைச் சொல்லிக் கண்ணனைச் சோதிப்பான். உறையில் உள்ள திறவுகோலை அறிந்தவன் மட்டுமே அதற்கு விடை கூற இயலும்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1981-இல், டாரதி டென்னிங், ஜியோவான்னி மரியா சாக்கோ ஆகியோர் இதில் ஒரு பொத்தலைக் காட்டினர். அந்த உறையில் தேதி இல்லை! என்றோ நடந்த ஒரு பேச்சின் திறவுகோல் பின்னொரு நாள் திருடன் கையில் சிக்கியது என்று கொள்வோம். அவன் முன்னரே படியெடுத்து வைத்திருந்த பழைய உறையை வேலனிடம் நீட்டுவான். நடுவரின் உறை மெய்யானது. வேலன் கேட்கும் எண்ணுக்கும் திருடன் விடை கூறிவிடுவான். திறவுகோல்தான் அவனிடம் இருக்கிறதே. அன்று முதல் அவனே கண்ணன். உறையினுள்ளே நடுவர் நேரத்தைப் பொறித்துவிட வேண்டும் என்பதே அவ்விருவரும் கூறிய பரிகாரம். நீடாமும் ஷ்ரோடரும் 1987-இல் இதற்கு வேறொரு மருந்து கூறினார்கள். கடிகாரத்தை நம்பவேண்டாம், வேலன் ஒரு புது எண்ணை முதலிலேயே கண்ணனிடம் கொடுத்தனுப்பட்டும், நடுவர் அவ்வெண்ணை உறைக்குள் வைத்து அனுப்பட்டும் என்றார்கள். ஒருவர் செய்த பிழையை மற்றொருவர் அச்சிலே எடுத்துக்காட்டுவதும், செய்தவர் அதனை ஏற்றுத் திருத்துவதும் அறிவுத்துறையின் ஆரோக்கியத்திற்கு அறிகுறி.

இவ்விரண்டு மருந்துகளே இன்றுவரை வழங்குகின்றன. ஒன்று கால முத்திரை. மற்றொன்று ஒரு முறைக்கு மேல் பயன்படாத எண். இவ்வெண்ணை ஆங்கிலத்தில் 'நான்ஸ்' என்பர். 'இந்த ஒரு தடவைக்கு மட்டும்' என்று பொருள்படும் பழைய வழக்கிலிருந்து வந்த சொல் அது. இரண்டையும் கையொப்பத்திற்கு உட்பட்ட பகுதியிலேயே வைக்க வேண்டும் என்பதை மாணவர்கள் மறத்தலாகாது. வெளியே எழுதிவைத்தால் திருடன் பழைய தேதியை அழித்துப் புதிய தேதியை எழுதிக்கொள்வான்.

அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1983-இல் தொடங்கிய 'அதீனா' திட்டத்திலிருந்து 'கெர்பரோஸ்' என்னும் காவல் முறை பிறந்தது. கிரேக்கப் புராணத்தில் பாதாள உலகின் வாயிலைக் காக்கும் முத்தலை நாயின் பெயர் அது. நீடாம், ஷ்ரோடர் வகுத்த முறையையும் டென்னிங், சாக்கோ சொன்ன கால முத்திரையையும் அது சேர்த்துக்கொண்டது. வேண்டுகோளில் குறித்த நேரத்திற்கும் பெறுபவரின் கடிகாரத்திற்கும் ஐந்து நிமிடத்திற்குமேல் வேறுபாடு இருந்தால் மறுத்துவிடுவது வழக்கமாயிற்று. ஐந்து நிமிடத்திற்குள்ளேயே ஒருவன் மறுபடி அனுப்பினால் என்ன செய்வது? அதற்காக, அண்மையில் வந்தவற்றையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் பதிந்துவைத்து ஒப்புநோக்க வேண்டும் என்று திட்டத்திலே வகுத்திருந்தார்கள். 1990-இல் ஸ்டீவன் பெல்லோவின், மைக்கேல் மெரிட் என்னும் ஆராய்ச்சியாளர்கள் இம்முறையை ஆராய்ந்து குறைகளைத் தொகுத்தபோது, அந்தக் குறிப்பேடு நடைமுறையில் ஏற்படுத்தப்படவே இல்லை என்று எழுதினார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். பல கணிப்பொறிகள் தம் கடிகாரத்தைக் காவலற்ற செய்திகளைக் கேட்டே திருத்திக்கொள்கின்றன. அக்கடிகாரத்தைப் பின்னே தள்ளிவிட்டால், காலாவதியான வேண்டுகோளும் புதியதாகிவிடும்.

கடிகாரமா, குறிப்பேடா என்னும் வினாவை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு நிலையத்திற்கு வினாடிக்கு 1,000 வேண்டுகோள்கள் வருகின்றன என்க. கடிகாரம் இல்லாமல் குறிப்பேட்டை மட்டும் நம்பினால், வந்த எண் எதையும் என்றும் மறக்க முடியாது. ஒரு நாளைக்கு 8 கோடியே 64 இலட்சம் எண்கள் சேரும். மறுநாள் அவ்வளவே மீண்டும் சேரும். கடிகாரத்தை மட்டும் நம்பினாலோ, கெடுவுக்குள் எத்தனை முறையும் மறு அனுப்பல் நிகழலாம். கணிப்பொறிக்கு ஒரு நிமிடம் என்பது நெடுங்காலம். இரண்டையும் சேர்த்தால் நிலைமை மாறுகிறது. முன்னும் பின்னும் 15 நிமிடம் என்று கெடு வைத்தால், ஓர் எண்ணை அதிகமாகப் போனால் 30 நிமிடம் நினைவில் வைத்தால் போதும். அதற்குப் பின் வருவதைக் கடிகாரமே தள்ளிவிடும். குறிப்பேட்டில் ஒரு சமயத்தில் இருக்க வேண்டியவை 18 இலட்சம் எண்களே. இக்காலக் கணிப்பொறிக்கு அது ஒரு சுமையே அன்று. நிலையத்தில் பல கணிப்பொறிகள் இருப்பின், அவையெல்லாம் ஒரே குறிப்பேட்டைப் பார்க்க வேண்டும் என்பதுதான் சங்கடம். ஒரு வாயிலில் மறுக்கப்பட்டவன் அடுத்த வாயிலில் நுழைந்துவிடலாகாது அல்லவா?

வலைத்தளங்களுக்கு இப்பாடம் படிப்படியாகவே வந்து சேர்ந்தது. 1997-இல் வெளியான 'டைஜஸ்ட்' என்னும் முறையில் நிலையமே ஓர் எண்ணை வழங்கி, அதனைக் கலந்து விடையனுப்பச் சொல்லியது. 1999-இல் அதனைத் திருத்தியபோது, ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஒன்று இரண்டு மூன்று என வரிசை எண்ணும் சேர்க்கப்பட்டது. அமேசான் நிறுவனம் 2006-இல் தொடங்கிய சேமிப்புச் சேவையில், கையொப்பமிட்ட வேண்டுகோளின் நேரம் நிலையத்தின் நேரத்தினின்று 15 நிமிடத்திற்குமேல் விலகினால் ஏற்கப்படுவதில்லை. 2007-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 'ஓ ஆத்' முறையின் முதல் வடிவம் கால முத்திரை, ஒருமுறை எண் ஆகிய இரண்டையும் கையொப்பத்தினுள் கட்டாயமாக்கியது.

அதன் பின்னர் ஒரு தளர்ச்சி ஏற்பட்டது. கையொப்பக் கணக்கு நிரல் எழுதுவோருக்குத் தலைவலியாக இருந்தது. ஓர் எழுத்து இடம் மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. 2012-இல் வந்த 'ஓ ஆத்' இரண்டாம் வடிவம் அதனைக் கட்டாயமாக்காமல் விட்டது. வேண்டுகோளில் ஒரு சீட்டை வைத்தால் போதும், போகும் பாதையையே 'டி.எல்.எஸ்.' என்னும் மறைகாப்புக் குழாய் காத்துக்கொள்ளும் என்றனர். குழாய்க்குள் போவதைப் படியெடுத்து மறுபடி செலுத்த முடியாது என்பது உண்மை. ஆனால் அச்சீட்டு வேறெங்கேனும் களவு போனால், எடுத்தவன் எல்லாம் உரியவனாகிவிடுவான். இம்மாற்றத்தை நான் முன்னேற்றம் என்று சொல்லத் துணியேன்.

அந்தக் குழாயிலும் 2018-இல் ஒரு சிறு வாயிலைத் தெரிந்தே திறந்துவிட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் டி.எல்.எஸ். முறையின் 1.3 பதிப்பு வெளியாயிற்று. முன்பே பழகிய ஒருவர் மீண்டும் வரும்போது, முகமன் கூறி மறுமொழிக்குக் காத்திராமல், முகமனோடு வேண்டுகோளையும் சேர்த்து அனுப்பலாம் என்று அதில் இடமளித்தார்கள். ஒரு போக்குவரத்து நேரம் மிச்சமாகும். ஆனால் நிலையம் தன் புது எண்ணைச் சொல்வதற்கு முன்பே வேண்டுகோள் புறப்பட்டுவிடுகிறது. ஆகவே அது புதியதுதான் என்று உறுதி கூற வழியில்லை. இக்குறையை மறைக்காமல் அந்த விதிநூலே எழுதிவைத்திருக்கிறது. வேகத்திற்காக 1981-ஆம் ஆண்டின் பொத்தல் மீண்டும் வாயிலுக்கு வந்து நின்றது.

அடுத்த மாதமே, செப்டம்பரில், வலைத்தளங்களுக்கென ஒரு துணை விதி வகுத்தார்கள். "இந்தப் பக்கத்தைக் காட்டுக" என்னும் வேண்டுகோள் இரு முறை வந்தால் கேடில்லை. இரு முறை காட்டிவிடலாம். "5,000 ரூபாயை அனுப்புக" என்பது அப்படிப்பட்டதன்று. அத்தகைய வேண்டுகோள் முகமனோடு சேர்ந்து முந்திக்கொண்டு வந்தால், நிலையம் 425 என்னும் எண்ணை மறுமொழியாகத் தரலாம். 'மிக முன்னதாக வந்துவிட்டாய்' என்பது அதன் பொருள். அனுப்பியவர் முகமன் முடியும்வரை காத்திருந்து மறுபடி அனுப்புவார்.

கையொப்பமும் இப்போது திரும்பி வந்திருக்கிறது. 2023-இல் வெளியான விதி ஒன்று, வெறும் சீட்டோடு வராமல், அதற்குரிய திறவுகோல் தன்னிடம் உள்ளது என்பதை ஒவ்வொரு வேண்டுகோளிலும் கையொப்பமிட்டுக் காட்டுவதற்கு வழிசெய்தது; அக்கையொப்பத்தினுள் நேரமும் ஒருமுறை எண்ணும் உண்டு. 2024 பிப்ரவரியில் வலைத்தள வேண்டுகோள்களுக்குக் கையொப்பமிடும் பொது முறை ஒன்று வெளியிடப்பட்டது. கையொப்பமிட்ட நேரம், காலாவதியாகும் நேரம், ஒருமுறை எண் ஆகிய மூன்றுக்கும் அதில் இடம் இருக்கிறது. மூன்றில் எவற்றைக் கேட்பது, வந்த எண்களை எத்தனை நேரம் குறிப்பேட்டில் வைத்திருப்பது என்பவற்றை விதி முடிவு செய்யவில்லை. அம்முறையைக் கையாளும் ஒவ்வொரு நிலையத்தாரும் தாமே அவற்றை வகுத்துக்கொள்ள வேண்டும்.