படிவமும் திரையும்

வணிகம் வளருந்தோறும் ஏடும் வளர்கின்றது. ஒரு கடையின் கணக்கு ஒரு பேரேட்டில் அடங்கிவிடும். நூறு கடைகளை நடத்தும் கம்பனியின் கணக்கோ எண்ணற்ற இலிகிதரின் உழைப்பை விழுங்கவல்லது. அச்சுமையை இக்காலத்திற் கணினி தாங்குகின்றது. ஆயினும், கணினிக்கும் இலிகிதருக்கும் இடையே நிற்கும் சிறு திரை எவ்வாறு அமைதல் வேண்டும் என்னும் வினா, அத்திரை தோன்றுமுன்னரே எழுந்துவிட்டது.

இங்கிலாந்தில் தேநீர்ச்சாலைகள் பலவற்றை நடத்திப் புகழ்பெற்றது ஜே. லயன்ஸ் கம்பனி. வணிக அலுவலுக்கெனக் கணினி ஒன்றை முதன்முதல் அமைத்துப் பயன்கொண்டவர்கள் பல்கலைக்கழகத்தாரோ படைத்துறையினரோ அல்லர்; தேநீரும் பணியாரமும் விற்ற இக்கம்பனியாரே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து எட்சாக் கணினியைத் தழுவி அவர்கள் அமைத்த பொறி, லியோ எனப் பெயர் பெற்றது. 1951 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அது பேக்கரிக் கணக்கைச் செய்யத் தொடங்கிற்று.

1954 ஆம் ஆண்டில், தேநீர்ச்சாலைகளுக்குப் பண்டங்களை அனுப்பும் அலுவலும் லியோவிடம் ஒப்படைக்கப்பட்டது. இத்தகைய அலுவல்களைக் கணினிக்கேற்ப வகுத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டேவிட் கமினர். அதற்குமுன், சாலைப் பொறுப்பாளரான பெண்மணி தமக்கு வேண்டிய பண்டங்களையெல்லாம் படிவங்களில் எழுதியனுப்ப வேண்டியிருந்தது. ஆனால், ஒரு திங்கட்கிழமையின் தேவை பெரும்பாலும் முந்திய திங்கட்கிழமையின் தேவையை ஒத்ததே. ஆதலால், ஒவ்வொரு கிழமைக்கும் உரிய வழக்கமான தேவை துளை அட்டைகளில் முன்னரே பதிந்து வைக்கப்பட்டது. தலைமையகத்திலிருந்து குறித்த நேரத்தில் தொலைபேசி அழைப்பு வரும். பொறுப்பாளர் அன்றைய மாற்றத்தை மட்டும் சொல்வார். கேட்பவர் அதனை உடனே அட்டையிற் பதிவார். மாறாததைத் திரும்பக் கேளாமை என்னும் நெறி இவ்வாறு நடைமுறைக்கு வந்தது.

1971 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் 3270 என்னும் திரை வரிசையை அறிவித்தது. அவ்வரிசையிற் பரவலாக வழங்கிய திரையில் 24 வரிகளும் 80 நிரல்களும் இருந்தன. 1928 இல் வந்த துளை அட்டைக்கும் நிரல்கள் 80 என்பது நோக்கற்பாலது. அத்திரையில் அச்சுப் படிவம் போலவே தலைப்புகள் அழியாது நின்றன. எழுதுவதற்கென ஒதுக்கிய கட்டங்களில் மட்டுமே இலிகிதர் எழுதலாம். எழுதி முடித்து விசையை அழுத்தியதும், மாற்றப்பட்ட கட்டங்களை மட்டும் மையக் கணினிக்கு அனுப்பும் வசதியும் இருந்தது. தேநீர்ச்சாலைத் தொலைபேசியின் நெறி திரையினுள்ளும் விளங்கிற்று.

இதனிடையே, 1970 இல் எட்கார் கொட் என்னும் அறிஞர், தரவுகளை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக வைக்கும் கோட்பாட்டை வெளியிட்டார். வாடிக்கையாளர் பெயர் ஓர் அட்டவணையில், பண்டம் வேறொன்றில், கட்டளை மற்றொன்றில் எனப் பிரித்து வைப்பதால் ஒரே செய்தி பல இடங்களிற் பதிவாகி முரண்படுவது குறையும். களஞ்சியத்துக்கு அது சிறந்த ஒழுங்கு. ஆயின், தொலைபேசியிற் கட்டளை பெறும் இலிகிதருக்கு அம்மூன்றும் ஒரே வேலை.

1992 இல் மைக்ரோசொஃப்ட் அக்செஸ் போன்ற மென்பொருள்கள் வந்தபின், அட்டவணையைக் காட்டினால் அதற்குரிய திரையைக் கணினியே வரைந்து தரலாயிற்று. எளிமை பெரிதே, அதனோடு ஓர் இடரும் வந்தது. களஞ்சியத்தின் தட்டுகளை அப்படியே காட்டும் திரைகள் பெருகின. ஒரு கட்டளையைப் பதிய நான்கு திரைகளைத் திறந்து, ஒரே பெயரை மும்முறை எழுதும் நிலை ஏற்படுமானால், பொறிக்குரிய சுமை மனிதர்மேல் ஏறிவிடுகின்றது. பிழைகளும் அங்கேதான் பிறக்கின்றன. பழியோ, திரையை வகுத்தவரை விட்டு அதனைப் பயன்படுத்துபவரையே சாரும்.

ஆகவே, ஒரு நிறுவனத்துக்கெனத் திரை வகுப்போர் அட்டவணைகளை ஆராயுமுன், இலிகிதர் அருகில் அமர்ந்து அவருடைய ஒரு நாள் வேலையைக் காண்டல் வேண்டும். அவர் எதனை முதலிற் கேட்டறிகின்றார், எது நாடோறும் மாறுகின்றது, எது மாறுவதேயில்லை என்பன அங்கே புலனாகும். லயன்ஸ் கம்பனியார் திரையே இல்லாத காலத்தில் அவற்றை அறிந்து செயற்பட்டனர்.