குஞ்சுக்குத் தோலால் ஊட்டும் மீன்

வண்ணமீன் கடைக்குச் சென்றிருந்தால் இந்த மீனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாப்பாட்டுத் தட்டைச் செங்குத்தாக நிறுத்தியது போல் இருக்கும். விலையும் மற்ற மீன்களைவிட அதிகம். பெயர் டிஸ்கஸ். விளையாட்டுத் திடலில் வீசும் வட்டின் பெயரேதான்.

இதன் தாயகம் அமேசான் ஆற்றுப் படுகை. 1817-இல் பிரேசிலுக்குச் சென்ற ஆஸ்திரிய இயற்கையியலாளர் யோகான் நாட்டெரர், ஏறத்தாழ 18 ஆண்டுகள் அங்கே தங்கி உயிரினங்களைச் சேகரித்து வியன்னாவுக்கு அனுப்பினார். அவற்றுள் ஒன்றான இம்மீனை 1840-இல் விவரித்து அறிவியல் பெயர் சூட்டியவர் ஹெக்கெல். அவர் பார்த்தது உயிரற்ற மாதிரியைத்தான். உயிருள்ள டிஸ்கஸ் மேலை நாட்டுக் கண்ணாடித் தொட்டிகளுக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று.

மீன் வந்துவிட்டது, ஆனால் எளிதில் பெருகவில்லை. இதன் உறவினமான ஏஞ்சல் மீனை வளர்த்துப் பழகியவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பெற்றோரே முட்டையைத் தின்றுவிடக்கூடும் என்பதால், முட்டைகளை எடுத்து வேறு தொட்டியில் பொரிக்க வைப்பார்கள். ஏஞ்சல் மீனில் இது பலித்தது. டிஸ்கஸ் குஞ்சுகளோ பொரித்து, நீந்தத் தொடங்கி, சில நாட்களில் மடிந்தன.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. கீழ்பென்னாத்தூரில் என் வீட்டுக் கூடத்துத் தொட்டியிலும் இதே தவறு நடந்தது. இரண்டு பெரிய மீன்களும் குஞ்சுகளைக் கடித்துவிடும் என்று பயந்து குஞ்சுகளைத் தனியே பிரித்தேன். நுண்ணிய உணவெல்லாம் போட்டுப் பார்த்தேன். நான்காம் நாள் தொட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை. இயற்பியல் பாடம் நடத்துகிறவன், கவனித்துப் பார்க்காமலே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்!

கவனித்துப் பார்த்த ஒருவர் ஹில்டெமன் என்ற அமெரிக்க நோய்த்தடுப்பியல் அறிஞர். குஞ்சுகள் தாயின் உடலிலும் தந்தையின் உடலிலும் மொய்த்து, தோலின் மேலுள்ள வழவழப்பான கோழையைக் கொத்தித் தின்று வளர்கின்றன என்று 1959-இல் அவர் எழுதினார். ஒரு மீன் களைத்தால் உடலைச் சட்டென்று உதறும். குஞ்சுகள் மற்றதிடம் போய்விடும். பாலூட்டிகளில் தந்தைக்கு இல்லாத வேலை இது. கட்டுரையின் தலைப்பிலேயே இப்பழக்கத்தைத் 'தனித்தன்மை வாய்ந்தது' என்று குறித்தார்.

கோழையில் என்ன இருக்கிறது? 2010-இல் பக்லி என்பவரும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. முட்டையிடும் காலத்தில் கோழையில் புரதமும் நோயெதிர்ப்புப் பொருளும் கூடுகின்றன. முதல் இரண்டு வாரம் பெற்றோர் ஓயாமல் ஊட்டுகின்றன. மூன்றாம் வாரத்திலிருந்து குஞ்சுகளை விட்டு விலகி நீந்தத் தொடங்குகின்றன. பால் மறக்கடிப்பது என்று நம் வீடுகளில் சொல்வோமே, கிட்டத்தட்ட அதுதான்.

ஊட்டுவது ஒருபுறமிருக்க, முட்டை பொரிப்பதற்கே ஒரு தடை உண்டு: தண்ணீர். நாட்டெரர் பயணம் செய்த ரியோ நீக்ரோ ஆற்றின் நீர் கறுந்தேநீர் நிறத்தில் இருந்தாலும் அதில் கரைந்த உப்பு மிகமிகக் குறைவு. மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்குச் சுமார் 10 முதல் 20 மைக்ரோசீமென்ஸ்தான், ஏறக்குறைய மழைநீர். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரோ அடுப்பில் வைத்த பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விட்டுப் போகும். அத்தகைய கடின நீரில் டிஸ்கஸ் முட்டைகள் பெரும்பாலும் பொரிப்பதில்லை என்பது வளர்ப்போர் அனுபவம். முட்டை பொரித்ததற்கு நான் மொட்டைமாடியில் பிடித்து வைத்த ஐப்பசி மழைதான் காரணம்.

இனி, அந்தத் 'தனித்தன்மை'க்கு வருவோம். எட்டே ஆண்டுகள்தான் அது நிலைத்தது. 1967-இல் வார்டு, பார்லோ என்ற இரு ஆய்வாளர்கள் வேறொரு மீனின் குஞ்சுகளும் பெற்றோரின் உடலை உரசிக் கோழையைக் கொத்துவதை விரிவாக எழுதினார்கள். அது எந்த நாட்டு மீன் தெரியுமா? தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உப்பங்கழிகளிலும் நன்னீரிலும் வாழும், ஆரஞ்சு-மஞ்சள் நிறச் சிறு மீன். மலையாளத்தில் பள்ளத்தி என்பார்கள். கேரளத்தார் விரும்பி உண்ணும் கரிமீனுக்கு நெருங்கிய உறவு. பெர்லினில் இருந்த பிளாக் என்ற மருத்துவர் 1795-லேயே இதற்கு அறிவியல் பெயர் சூட்டிவிட்டார். டிஸ்கஸுக்கு 45 ஆண்டுகள் முந்தியது! பெயரிட்ட பிறகு, அதன் குஞ்சு எப்படி உண்கிறது என்பது ஆய்வேட்டில் இவ்வாறு விரிவாக ஏற 172 ஆண்டுகள் ஆயின. நம் வலைஞர்கள் அதற்கு முன்பே பார்த்திருக்கக்கூடும். அவர்களிடம் யார் கேட்டார்கள்?

ஒரு வேறுபாடு உண்டு. பள்ளத்திக் குஞ்சுக்குக் கோழை துணை உணவே. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் அது தின்றுகொள்ளும். டிஸ்கஸ் குஞ்சுக்கு முதல் நாட்களில் அதுவே உயிர்.

பள்ளத்தி கடின நீரையும் தாங்கும். இப்போது என் கூடத்துத் தொட்டியில் ஒரு ஜோடி இருக்கிறது. இம்முறை குஞ்சுகளைப் பிரிக்கவில்லை. விளக்கைச் சற்று மங்கலாக்கிவிட்டு அருகே அமர்ந்தால், புள்ளி புள்ளியாய்க் குஞ்சுகள் தந்தையின் விலாவில் மோதி மோதித் திரும்புவது வெறுங்கண்ணுக்கே தெரிகிறது.